வன்னியும் நம் வாய்ச்சொல்லும்

ஓர் ஊரின் பெயரைக் கெடுப்பதற்குப் பகைவர் வேண்டியதில்லை. அவ்வூரை அறியாத அயலார் சிலர் இருந்தாற் போதும். ஊரை அறிந்தவன் அதனைப் பற்றிப் பத்துச் செய்தி சொல்வான்; அவற்றுள் நல்லதும் இருக்கும், அல்லதும் இருக்கும். அறியாதவனோ ஒன்றே சொல்வான். ஒன்றே ஆதலின் அது நினைவில் நிற்கும். நினைவில் நிற்றலின் உண்மையெனவும் கொள்ளப்படும். வன்னிப் பெருநிலத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவராகிய நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருவன இவ்வகையினவே. காடு, காய்ச்சல், யானை என்னும் மூன்று சொற்களுள் நம் பாட்டனார் வன்னியை அடக்கிவிட்டனர். இந்நாளிற் காய்ச்சல் நீங்கிற்று. அது விட்ட இடத்திற் போர் என்னும் சொல் ஏறி அமர்ந்துகொண்டது.

வாழ்த்துரை நிறைந்த விழா மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் வினவலாம். நம் கல்லூரி ஈன்ற வைத்தியரையும் பொறியியலாளரையும் எண்ணி மகிழும் வேளையில், நாம் இன்னுங் கற்க வேண்டியது யாது என்று எண்ணுதலும் கடனே. அண்டை நிலத்தாரை மதித்தல் அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து.

முதற்கண், வன்னி எத்துணைப் பெரிது என்பதை நோக்குவோம். வட மாகாணத்தின் பரப்பு 8,884 சதுர கிலோமீற்றர். இதில் யாழ்ப்பாண மாவட்டம் 1,025 சதுர கிலோமீற்றரே. எஞ்சிய கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்னும் நான்கு மாவட்டங்களையும் சேர்த்து வன்னி என்று பொதுப்பட வழங்குகின்றோம். மன்னாரைத் தனியே வைத்து எண்ணுவாரும் உளர். எவ்வாறாயினும், நாம் ஒரு சொல்லால் ஒதுக்கும் நிலம், நம் மாவட்டத்தைப்போல் ஏழு மடங்கினும் பெரிது.

அத்துணை நிலத்தில் வாழ்வோர் அனைவரும் ஒரு தன்மையர் ஆவரோ? மன்னாரில் ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கின்றது. மடு மாதா கோயிலுக்கு நாட்டின் எல்லாத் திசைகளினின்றும் அடியார் வருகின்றனர். முஸ்லிம் மக்களின் பழைய ஊர்கள் பல உள. அவர்கள் 1990இல் வெளியேற்றப்பட்டதும், பின்னர் ஒரு பகுதியினர் மீண்டதும் நாம் அறிந்தவையே. முல்லைத்தீவிற் கடலை நம்பி வாழ்வோரும் உளர். முள்ளியவளை, தண்ணீரூற்று முதலிய இடங்களில் வயலை நம்பி வாழ்வோரும் உளர். இருசாராரும் வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஒருங்கே கூடுவர். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடாநாட்டினின்றுஞ் சென்று குடியேறியோர் உளர். 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப்பின் மலையகத்தினின்றும் வந்து காடு திருத்திய தொழிலாளர் குடும்பங்களும் உள. வவுனியாவிற் பழைய குளக்கிராமங்களும், தெற்கே சிங்கள ஊர்களும் உள. இவர்களுள் யாரை நினைத்து நாம் “வன்னியார்” என்கின்றோம்?

இத்துணை வேறுபாடுடைய நிலத்துக்கு ஒரே பெயர், அதுவும் இழிபெயர், வந்ததற்குக் காரணம் நான்கென்று கூறலாம்.

முதலாவது, அந்நிலத்தைப் பற்றி எழுதிவைத்தோர் பலர் அங்கு வாழ்ந்தோர் அல்லர், கடந்து சென்றோர். கண்டி மன்னன் காவலினின்றும் 1679இல் தப்பிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், அருவியாற்றின் வழியே காடு கடந்து மன்னார்க் கரையிலுள்ள அரிப்பை அடைந்தார். உயிருக்கு அஞ்சி ஒளித்தோடுபவன் கண்ணுக்கு ஊரும் வயலும் தோன்றுமோ? காடும் விலங்குமே தோன்றும். ஒல்லாந்தர் வன்னியரிடம் திறையாக எதிர்பார்த்தவை யானைகள். யானை வேண்டி வந்தவனுக்கு யானையே நாடு. 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் அதிகாரியின் உழைப்பு பெரிது. ஆராய்வோர் இன்றும் அதனை நாடுவர். ஆயினும் அது ஆள வந்தவர் ஆளப்பட்டோரைப் பற்றி எழுதியது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டே கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கு நாட்டப்பட்ட கல், அவனை வென்ற தளபதியின் பெயரையும் வென்ற நாளையும் பொறித்திருந்தது. கோட்டையை அவன் பிடித்த நாளை அக்கல் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம் காய்ச்சல். இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். மலேரியா நிலவும் இடத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு, இளமை தொட்டு அந்நோய் பலமுறை வந்துபோதலின், உடலில் ஓரளவு தாங்குவலி உண்டாகும். வெளியிலிருந்து வருவோர்க்கு அது கிடையாது. ஆகவே ஊரவன் எழுந்து நடமாடிய காய்ச்சலில் வந்தவன் படுக்கையில் வீழ்ந்தான், சிலர் மாண்டனர், மீண்டவர் “அது ஆளைத் தின்னும் நிலம்” என்றனர். அவர் பொய் சொல்லவில்லை. தம் உடம்பு பட்டதையே சொன்னார். ஆனால் அதனை அந்நிலத்தின் இயல்பெனவும் அம்மக்களின் இயல்பெனவும் கேட்டோர் விரித்துக்கொண்டனர். இதே தாங்குவலி இன்மையால், 1934-35இல் ஏறக்குறைய 80,000 பேரை மாய்த்த பெருங்காய்ச்சல் கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளையே மிகக் கடுமையாகத் தாக்கிற்று. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாய்த் தேங்க, நுளம்பு பெருகியதே காரணம். எனினும் கேகாலையை யாரும் காய்ச்சல் நாடு என்று பெயரிட்டு ஒதுக்கவில்லை. 2016இல் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. நோய் நீங்கியும் அதனாற் பிறந்த அச்சம் நம்மவர் பேச்சினின்றும் நீங்கிற்றில்லை.

மூன்றாவது, நம்மவர் பலர்க்கு வன்னியோடிருந்த உறவு அறுவடை உறவு. பரந்தனிலும் கிளிநொச்சியிலும் வயல் வைத்திருந்தோர் விதைக்கப் போயினர், வெட்டப் போயினர், நெல்லேற்றிக்கொண்டு மீண்டனர். மீண்டவர் திண்ணையிலிருந்து சொன்ன கதையில் பாம்பு நீண்டது, யானை உயர்ந்தது. காட்டின் கொடுமையை மிகுத்துச் சொன்னாலன்றோ அதனைக் கடந்து வந்தவன் பெருமை மிகும்! அதே நிலத்தில் 1960களிலும் 1970களிலும் படித்த வாலிபர் குடியேறி, முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் மிளகாயும் வெங்காயமும் விளைவித்துப் பொருள் ஈட்டினர் என்பதைத் திண்ணைக் கதை சொல்லாது.

நான்காவது காரணம் நம் மொழிவழக்கிலேயே இருக்கின்றது. நாகரிகமறியாதவனைக் “காட்டான்” என்கின்றோம். காட்டில் வாழ்தல் இழிவு என்னும் எண்ணம் இச்சொல்லுள் உறைகின்றது. இவ்வெண்ணம் தமிழ் மரபின் ஆணிவேர் அன்று. தொல்காப்பியர் நிலங்களை நிரல்பட வைத்தபோது காடாகிய முல்லையையே முதலில் வைத்தார். சங்கப் புலவர் முல்லையை மருதத்துக்குத் தாழ்ந்ததாகப் பாடினாரல்லர். பயிற்சிக் கலாசாலையை விட்டபின் சில ஆண்டுகள் வன்னிப் பாடசாலை ஒன்றிற் கற்பித்தேன். முல்லைத்திணையின் மாலைப்பொழுதைக் குடாநாட்டு வகுப்பில் விளக்க அரைமணி நேரம் வேண்டும். அங்கு வேண்டியதில்லை. மாடுகள் பட்டிக்குத் திரும்பும் வேளையை அப்பிள்ளைகள் நாள்தோறும் கண்டவர்கள். பாலை, வீரை, முதிரை என்று மரங்களை இலை கொண்டே இனங் கண்டவர்கள். தமிழ்ப்பாடத்தில் அவர்கள் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியராகத் தக்க இடமும் உண்டு.

வன்னியாரே தம்மைப் பற்றிச் சொல்லியதை நாம் செவிமடுத்தோமா? வேலப்பணிக்கன் ஒப்பாரி என்றொரு நாட்டார் பாடல் அங்கு வழங்குகின்றது. மதங்கொண்ட கொம்பன் யானையை அரியாத்தை என்னும் பெண் அடக்கிக் கட்டிய கதை அது. வெளியார் யானையென்று அஞ்சிய நிலத்தில், அம்மக்கள் யானையை அடக்கிய பெண்ணைப் பாடினர். அ. பாலமனோகரனின் “நிலக்கிளி” என்னும் நாவல் 1973இல் வெளிவந்தது. அதிற் காடு உண்டு, அச்சமூட்டும் பொருளாகவன்றி மனிதர் வாழும் வீடாக உண்டு.

வன்னியிற் குறையே இல்லையென்பது என் வாதமன்று. யானையாற் பயிரும் உயிரும் இழப்போர் இன்றும் உளர். போரிற் கணவரை இழந்து தனியே குடும்பந் தாங்கும் பெண்கள் பலர். ஆசிரியர் பற்றாக்குறையும் உண்டு. சிறப்பாகக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிப்போர் போதியர் அல்லர். ஆனால் இக்குறைகளுட் சில, கெட்ட பெயருக்குக் காரணமாவதோடு அதன் விளைவாகவும் இருக்கின்றன என்பதே நான் வலியுறுத்துவது.

ஆசிரியர் நியமனம் வெளிவரும் நாளில் நடப்பதை நம்மவர் அறிவர். கஷ்டப் பிரதேசம் என்னும் சொல்லைக் கடிதத்திற் கண்டதும் வீட்டிற் துக்கம் கொண்டாடுவது போன்ற நிலை. உடனே இடமாற்றம் பெறுதற்கு யாரைக் காணலாம் என்னும் ஆராய்ச்சி. போவோருட் சிலர் திங்கட்கிழமை பேருந்தில் வந்து வெள்ளிக்கிழமை நண்பகலில் பை கட்டுவர். பெயர் கெட்டமையால் ஆசிரியர் வாரார், வந்தாலும் நில்லார். ஆசிரியர் நில்லாமையாற் பெறுபேறு தாழும். தாழ்ந்த பெறுபேற்றைக் காட்டி, “அங்குள்ள பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது” என்பர். அதனாற் பெயர் மேலுங் கெடும். செக்குமாடு போற் சுற்றிவரும் இவ்வாட்டத்தில் நசிவது பத்து வயதுப் பிள்ளையின் படிப்பு. நாம் விளையாட்டாய்ச் சொல்லும் சொல்லுக்கு அப்பிள்ளை விலை கொடுக்கின்றது.

வன்னியார் மட்டுமா இவ்வாறு பெயர் சூட்டப்பட்டோர்? நம்மையும் வெளியிடங்களிற் “பனங்கொட்டை” என்பர். கருமியென்றும் தன்னலத்தார் என்றும் கதை சொல்வர். அதனைக் கேட்கும்போது நமக்கு உண்டாகும் சினம் நியாயமானதே. அந்நியாயத்தை நாம் பிறர்க்கும் வழங்குதல் வேண்டாமா?

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவை நம் பழைய மாணவர் பலர் மறந்திரார். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு துறந்து வெளியேறினர். தென்மராட்சியில் தங்கியோர் போக, பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரி கடந்து வன்னியை அடைந்தனர். யாம் காடென்று இகழ்ந்த நிலம் நம்மவர்க்கு நிழல் தந்தது. அறிமுகமில்லாதார் வளவிற் கொட்டில் போட இடந் தந்தனர். நம் பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகளோடு மரநிழலில் இருந்து படித்தனர். 2009இல் அவ்வன்னி மக்களே யாவும் இழந்து, ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைபட்டனர். அதன்பின் உலகெங்கும் வன்னி என்னும் பெயர் அறியப்பட்டது. அழிவின் பெயராக மட்டும் அறியப்பட்டது. கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர் அதன்பொருட்டுக் கண்ணீர் வடிப்பதை நான் குறை கூறேன். ஆயினும் இகழ்ச்சியைப் போலவே இரக்கமும் மக்களை ஒரு சொல்லுள் அடக்கிவிடல் கூடும். முன்னர்க் “காட்டார்” என்றோம். இப்பொழுது “பாவப்பட்டவர்” என்கின்றோம். இரண்டிலும் அவர்கள் முகம் நமக்குத் தெரியவில்லை.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் நடைபெறுகின்றன. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து எழுந்தது. நம் மாணவரும் கற்கும் நாட்டை இனியும் அறியாதிருத்தற்குத் தூரம் ஒரு சாக்காகாது.

ஆகவே மூவரிடம் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். மாணவரே, இகழ்ச்சியாக ஊர்ப்பெயர் சொல்லப்படும்போது, “நீங்கள் அங்கு எத்தனை நாள் இருந்தீர்கள்?” என்று பணிவோடு கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, நியமனம் கிடைத்தால் வன்னிக்குச் செல்லுங்கள். சென்றாற் பாடத்திட்டம் முடியுமளவேனும் நில்லுங்கள். பழைய மாணவர்களே, இவ்விழாவின் நினைவாகக் கல்லொன்று நாட்ட எண்ணியிருப்பின், அப்பணத்தில் ஒரு பங்கை வன்னிப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் விடுதிக்கு ஒதுக்குங்கள். தங்குவதற்கு நல்ல அறையும் கிணறும் இருந்தால் வெள்ளிக்கிழமைப் பேருந்துக்கு ஓடுவோர் தொகை குறையும். அப்பாடசாலைப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை நம் மண்டபத்துக்கும் அழைப்போம். அவர்களுக்கு நாம் அறிவுரை கூறுதற்கன்று. அவர்கள் தம் ஊரைப் பற்றித் தாமே பேச, நாம் இருந்து கேட்டற்கு.