போபால்: 337 டன் எரிச்சாச்சு, மண்ணும் தண்ணியும் அப்படியேதான் இருக்கு

1/
"ரிப்போர்ட் நார்மல்னு வந்திருக்கே டாக்டர், அப்புறம் ஏன் விடமாட்டேங்கிறீங்க?"

கிளினிக்கில் அடிக்கடி கேட்கிற கேள்வி. நான் திருப்பி மூணு கேள்வி கேட்பேன். என்ன டெஸ்ட் எடுத்தீங்க? எங்கே எடுத்தீங்க? எப்போ எடுத்தீங்க?

இன்னிக்கு அதே மூணு கேள்வியை ஒரு நிலத்தைப் பார்த்துக் கேட்கப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
போபால், யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலை. 1984 டிசம்பர் 2 இரவு அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

2025 ஜனவரியில் அந்த வளாகத்தில் இருந்த 337 டன் நச்சுக்கழிவை 12 கண்டெய்னர்களில் ஏற்றி பீதம்பூருக்குக் கொண்டு போனாங்க. ஜூன் கடைசியில் எரிச்சு முடிச்சாங்க. "40 வருஷம் கழிச்சு போபால் சுத்தமாயிடுச்சு"ன்னு எனக்கே ஃபார்வேர்டு வந்துச்சு.

இல்லீங்க. சுத்தமாகல.

3/
அந்த 337 டன் என்பது, 2005 வாக்கில் மேலே கிடந்த கழிவை அள்ளி மூட்டை கட்டி ஷெட்டில் வைத்திருந்தது. அடியில் கெட்டுப்போன மண் எவ்வளவு? தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (நீரி) 2010-ல் கொடுத்த மதிப்பீடு சுமார் 11 லட்சம் டன். கணக்குப் போட்டா, எரிச்சது அதில் 0.03 சதவீதம்.

நியாயமா சொல்லணும்னா, மூட்டையில் இருந்தது அடர்த்தியான கழிவு, மண்ணில் இருப்பது கலந்து நீர்த்தது. எடையை மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனா ஜனங்க குடிச்சது மூட்டையில் இருந்ததை இல்லை. மண் வழியா இறங்கின தண்ணியை.

4/
இது எப்படி இறங்குச்சு? பலரும் விஷவாயுதான் தண்ணியைக் கெடுத்ததுன்னு நினைக்கிறாங்க. இல்லை.

1969-ல் ஆலை ஓடத் தொடங்கினதிலிருந்தே கழிவுகளை வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டினாங்க. 1977-ல் கழிவுநீரை வெயிலில் ஆவியாக்க வளாகத்துக்கு வெளியே பெரிய குளங்கள் வெட்டி, பிளாஸ்டிக் ஷீட் விரிச்சாங்க. அது கசியுதுன்னு 1982-லேயே கம்பெனியின் உள் கடிதங்களில் கவலை தெரிவிச்சிருக்காங்க.

அதாவது, அந்த இரவில் வாயு கசியாமலே இருந்திருந்தாலும் இந்தத் தண்ணிப் பிரச்சினை இருந்திருக்கும்.

5/
முதல் கேள்வி: என்ன டெஸ்ட்?

தண்ணியில் மீத்தைல் ஐசோசயனேட் தேடினா கிடைக்காது. தண்ணி பட்டாலே அது வினைபுரிஞ்சு சிதைஞ்சிடும். அங்கே தயாரிச்ச செவினும் மண்ணில் பல வருஷம் நிக்கிற சரக்கு இல்லை. இந்த ரெண்டை மட்டும் தேடிட்டு "ஒண்ணும் இல்லை"ன்னு எழுதினா அது பொய் இல்லை, ஆனா பதிலும் இல்லை.

தேட வேண்டியது நீண்டநாள் நிக்கிறதை. எச்.சி.எச் (நம்ம ஊர் விவசாயிகளுக்கு பி.எச்.சி பவுடர்னா தெரியும்), டைகுளோரோபென்சீன், குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு, பாதரசம். 1999-ல் கிரீன்பீஸ் இந்த மாதிரிப் பொருட்களைத் தேடினாங்க, கிடைச்சது. 2009-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தேடினாங்க, ஆலையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி எடுத்த நிலத்தடி நீரிலும் கிடைச்சது.

6/
அடுத்து, ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை"ன்னு ஒரு வார்த்தை வரும். அதுக்கு "இல்லை"ன்னு அர்த்தம் இல்லை. "என் மெஷின் பார்க்கிற அளவுக்குக் கீழே இருக்கு"ன்னுதான் அர்த்தம்.

இந்தியக் குடிநீர் தரத்தில் ஆல்ஃபா எச்.சி.எச் அளவு லிட்டருக்கு 0.01 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. ஒரு லேப் மெஷின் 1 மைக்ரோகிராம் வரைதான் பார்க்கும்னா, அனுமதித்ததைவிட 50 மடங்கு இருந்தாலும் ரிப்போர்ட் "கண்டறியப்படவில்லை"ன்னுதான் வரும். ரிப்போர்ட் கையில் வந்தா முதலில் அந்த அளவைப் பாருங்க.

7/
இரண்டாவது கேள்வி: எங்கே?

கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம் எல்லாம் தண்ணியைவிட கனமானது. எண்ணெய் மாதிரி மேலே மிதக்காது, அடியில் போய் உட்காரும். மேலாக்கில் உள்ள தண்ணியை மட்டும் எடுத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாது.

மண்ணிலும் அப்படித்தான். பத்து இடத்து மண்ணை ஒண்ணா கலந்து ஒரே சாம்பிளா அனுப்பினா, ஒரு குழியில் இருக்கிற விஷம் மத்த ஒன்பதில் கரைஞ்சு காணாமப் போகும். கட்டியில் ஊசி படாம பக்கத்துத் தசையில் பட்டா பயாப்ஸி நார்மல்னுதான் வரும். கட்டி அங்கேயேதான் இருக்கும்.

8/
மூன்றாவது: எப்போ, எப்படி?

மழை முடிஞ்சதும் தண்ணி நீர்த்தும் போகலாம், மண்ணில் இருந்த விஷம் புதுசா கீழே இறங்கியும் இருக்கலாம். அதனால மழைக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு தடவையும் எடுக்கணும். அடிபம்பில் முதலில் வருவது குழாயில் தேங்கின தண்ணி, அதை வெளியேத்திட்டுத்தான் பிடிக்கணும். குளோரோஃபார்ம் மாதிரி ஆவியாகிற பொருளுக்கு கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாம நிரப்பி, ஐஸில் வெச்சு அனுப்பணும். பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி பிடிச்சு வெயிலில் பைக்கில் கொண்டு போனா, லேப் போறதுக்குள்ள பாதி பறந்திருக்கும்.

9/
2009-ல் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அந்த வளாகத்துக்குப் போய், கழிவைக் கையில் எடுத்துப் பார்த்துட்டு, எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு சொன்னார். பெரிய சர்ச்சையாச்சு.

ஒரு டாக்டரா எனக்கு அதில் இருக்கிற பிழை ரொம்பப் பழக்கம். "ஒரு சிகரெட் பிடிச்சேன், செத்தா போனேன்?" என்பதேதான். தொட்டவுடன் ஆளைச் சாய்ப்பது ஒரு வகை நச்சு. தினம் ரெண்டு லிட்டர் வீதம் 20 வருஷம் குடிச்சா கல்லீரலையும் நரம்பையும் மெதுவா அரிப்பது வேறு வகை. முதலாவதுக்குக் கையே டெஸ்ட். இரண்டாவதுக்குக் கை உதவாது.

10/
இன்னொரு பக்கமும் சொல்லிடறேன். தண்ணியில் விஷம் இருப்பது வேற, ஒருத்தரோட நோய்க்கு அதுதான் காரணம்னு நிரூபிப்பது வேற. அந்தப் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குறைபாடுள்ள குழந்தைக்கும் தண்ணிதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு முறையான, பல வருஷ ஆய்வு வேணும்.

ஆனா நிரூபணம் வரும் வரை குடிச்சிட்டு இருங்கன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டான். சந்தேகம் வந்தா முதலில் மருந்தை நிறுத்துவோம், காரணத்தை அப்புறம் தேடுவோம்.

11/
நல்ல தண்ணி கொடுங்கன்னு உச்ச நீதிமன்றம் 2004-ல் உத்தரவு போட்டது. அப்போது பட்டியலில் இருந்தது சில குடியிருப்புகள்தான். லக்னோவின் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் சோதிச்சு, 2018-ல் அது 42 குடியிருப்புகள் ஆச்சு. நிலத்தடி நீர் நகரும். ஒரு தடவை எடுத்த ரிப்போர்ட் அந்த நாளுக்கான ரிப்போர்ட்தான்.

இங்கே இருக்கிற பலர் 1984-க்குப் பிறகு பிறந்தவங்க, குடிவந்தவங்க. வாயுவை சுவாசிச்சதில்லை. அதனால வாயு பாதிப்புக் கணக்கில் இவங்க வரமாட்டாங்க.

12/
இன்னொண்ணு. 1989-ல் கம்பெனியே வளாகத்துக்குள் எடுத்த மாதிரிகளில் மீன்களை விட்டுப் பார்த்தாங்க. எல்லா மாதிரியிலும் மீன்கள் செத்தன. அந்த ரிப்போர்ட் பல வருஷம் கழிச்சு, அமெரிக்க நீதிமன்ற வழக்கில்தான் வெளியே வந்தது. அத்தனை வருஷமும் பக்கத்துத் தெருவில் அடிபம்பு ஓடிட்டுதான் இருந்தது.

13/
என் கருத்து இதுதான். மூட்டையை எரிச்சதோட ஃபைலை மூடக் கூடாது. மண்ணையும் நீரையும் ஆழம் வாரியா, வருஷத்துக்கு ரெண்டு தடவை, சுதந்திரமான லேப்பில் சோதிக்கணும். எந்த இடம், எந்த ஆழம், எந்தத் தேதி, மெஷின் எந்த அளவு வரை பார்க்கும், எல்லாத்தையும் அங்கே குடியிருக்கிறவங்க மொழியில் வெளியிடணும். அதுக்கு முன்னாடி அந்த நிலத்து மேல நினைவிடமோ பூங்காவோ கட்டுவது, சீழ் எடுக்காம தையல் போடுவது மாதிரி.

14/
உங்க ஊரில் மூடிக் கிடக்கிற ஏதோ ஒரு பூச்சிமருந்து கம்பெனி பற்றி நாளைக்கு "தண்ணீர் பாதுகாப்பானது"ன்னு செய்தி வந்தா சண்டை போட வேண்டாம். மூணே கேள்வி கேளுங்க. என்ன டெஸ்ட், எங்கே, எப்போ.

பதில் இல்லைன்னா, அது நார்மல் ரிப்போர்ட் இல்லை. எடுக்காத ரிப்போர்ட்.