அடினியத்தின் மேல் பழி போட வேண்டாம்

வடகரையில் அடினியம் வாங்கிச் சாகக் கொடுத்தவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அது நம்ம ஊருக்கு ஆகாது." அதே ஆட்கள்தான் வாங்கும்போது, "கள்ளி ஜாதி, கவனிக்கவே வேண்டாம், தானா வளரும்" என்று சொன்னவர்கள்! இரண்டுமே தவறு. செடி செத்ததற்கு ஊரும் காரணமில்லை, செடியும் காரணமில்லை. "வாரம் ஒருமுறை தண்ணீர்" என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பியதுதான் காரணம்.

அடினியத்தின் சொந்த இடம் ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளும் அரேபியாவும். அடியில் பானை போல் பருத்திருக்கும் தண்டுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. மழையில்லாத மாதங்களை அந்தத் தொட்டியை வைத்தே ஓட்டிவிடும். அப்படிப்பட்ட செடி வடகரைக்கு வந்தால் என்ன நடக்கும்? ஜூன் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். குற்றாலத்துக்கு அது சீசன், தொட்டிச் செடிக்கு அது சோதனை. பெய்கிற மழை என்னவோ கொஞ்சம்தான். ஆனால் வெயில் தலைகாட்டாது, துவைத்த துணியே இரண்டு நாள் காயாது, தொட்டி மண் எப்படிக் காயும்? அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் கிழக்கே போனால் சுரண்டை, ஆலங்குளம் பக்கம் சாரல் காலத்தில் வெறும் காற்றுதான் அதிகம். அங்கே பிழைக்கும் வழக்கம் இங்கே பிழைக்காது. காலண்டரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றச் சொல்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

ஈர மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுக ஆரம்பிக்கும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் இலை மஞ்சளாகித் தொங்கும். வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? "ஐயோ, வாடிப் போச்சே!" உடனே இன்னொரு சொம்புத் தண்ணீர். பத்தே நாளில் தண்டு வாழைப்பழம் போல் கொழகொழத்துவிடும். இலையைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. தண்டை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுருங்கி, ஆனால் கெட்டியாக இருந்தால் தாகம். மெத்தென்று அமுங்கினால் அழுகல். இதைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதும். செடி விற்பவர்களில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

இன்னொரு எமன் தென்னை நார்க் கழிவு. நர்சரிக்கு அது லேசு, மலிவு, தினமும் தண்ணீர் விடாமல் தப்பிக்கலாம். வாங்கியவருக்கோ அது பிழிந்தெடுக்காத ஸ்பாஞ்ச்! வீட்டுக்கு வந்ததும் அதை உதறிவிட்டு, தூசி சலித்த எம்-சாண்ட் அல்லது பருமணலோடு உடைந்த செங்கல் சல்லி, கொஞ்சம் மக்கிய எரு கலந்து, ஓட்டையுள்ள மண் தொட்டியில் வைக்க வேண்டும். அழகுக்கென்று அடியில் வைக்கும் தட்டைத் தூக்கி எறிவது நல்லது.

வெயில் மாதங்களில் மொட்டை மாடியில் முழு வெயில், மண் காயக் காயத் தண்ணீர். சாரல் தொடங்கியதும் வெளிச்சம் படும், மழை படாத சன்ஷேடுக்குக் கீழே. அங்கே தண்ணீரை அநேகமாக மறந்தேவிடலாம். பூ புதுக் கிளையில்தான் வரும் என்பதால் மாசி, பங்குனியில் கவாத்து செய்தால் போதும்.

பால் வடிகிற செடி வீட்டுக்கு ஆகாது என்று வாஸ்து பேசுபவர்கள் தனி ரகம். பாலில் விஷம் இருப்பது உண்மைதான். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். குழந்தைக்கும் ஆட்டுக்கும் எட்டாமல் வைத்து, வெட்டினால் கை கழுவ வேண்டும். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த, இதைப் போலவே விஷமுள்ள அரளியைக் கோயில் நந்தவனத்தில் வைத்துப் பூப்பறிக்கும் ஊருக்கு அடினியத்தின் மேல் மட்டும் என்ன கோபம்?

அழுகல் தெரிந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. சுத்தமான கத்தியால் கெட்ட சதையை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, நிழலில் காயவிட வேண்டும். வெட்டு நன்றாகக் காய்ந்த பிறகே உலர்ந்த மணலில் நட வேண்டும். சாரல் விடாமல் பெய்தால் நடவே வேண்டாம், சில வாரம் சும்மா கிடக்கட்டும். தாய்லாந்திலிருந்து இந்தச் செடிகளை ஒரு பிடி மண் கூட இல்லாமல் பெட்டியில் அடைத்துத்தான் நாடு நாடாக அனுப்புகிறார்கள். அதைத் தாங்கி வரும் செடியைத்தான் ஒரு சொம்பு தண்ணீர் கொன்றுவிடுகிறது.