இரண்டு நோட்டீசுக்கு எத்தனை பிள்ளைகள்?

சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நம் சங்கப் பொருளாளர் ஒரு கணக்கை வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக இரண்டு முறை நோட்டீசு அச்சிட்டது, துணிப் பதாகை கட்டியது, தொடக்க விழாவன்று சிற்றுண்டி வழங்கியது ஆகிய வகையில் மொத்தச் செலவு 9,600 ரூபாய். மூன்று மாதத்தில் சேர்ந்த பிள்ளைகள் ஆறு பேர். "ஆக, தலைக்கு 1,600 ரூபாய்" என்று கூறிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாமும் ரயில்வேயில் கணக்கு எழுதிப் பிழைக்கும் குமாஸ்தாவே ஆகையால் வீட்டுக்கு வந்து கூட்டி வகுத்துப் பார்த்தோம். பிழை இல்லை.

வகுப்பை நிறுத்திவிட்டு அறையை ஞாயிறுதோறும் வாடகைக்கு விடலாம் என்று ஒரு யோசனை இப்போது எழுந்துள்ளது. அடுத்த பொதுக்குழுவில் அது வாக்குக்கு வருகிறது. அதற்கு முன் வாசக அன்பர்களிடம் சிலவற்றைச் சொல்லிவிட விரும்புகிறோம்.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். "நோட்டீசு வீடுதோறும் போய்ச் சேரட்டும், ஆடி பிறப்பதற்குள் நாற்பது பிள்ளைகள் வந்து அமர்வர்" என்று சித்திரை மாதத்தில் இதே பத்தியில் எழுதியவர் நாமே. அந்த நாற்பது எங்கிருந்து வந்தது? அறையில் நாற்பது பேர் அமர இடம் இருந்தது, அவ்வளவே. இடத்தை அளந்தோமேயன்றி மனிதரை அளக்கவில்லை. ஆறு பிள்ளைகள் வந்தது தோல்வியாகத் தோன்றுவதற்கு அந்த நாற்பதே காரணம்.

பிரசாரம் என்பது எவ்வளவு காலத்தில் பலன் தரும்? நம் காலத்திலேயே, நம் கண்முன்னே நடந்த ஒன்றைப் பார்ப்போம். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் போலியோ சொட்டு மருந்து இயக்கம் 1995-இல் நாடெங்கும் தொடங்கிற்று. சுவரெங்கும் விளம்பரம், தொலைக்காட்சியில் அமிதாப் பச்சன் அழைத்தார், ரயில் நிலையங்களிலும் ஊழியர்கள் நின்று பயணிகளின் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றினர். பலன் என்ன? 2005-இல் நாடு முழுவதும் இந்நோய் கண்டவர் 66 பேர். அடுத்த ஆண்டில் அது 676 ஆயிற்று. 2009-இல் 741. பதினான்கு ஆண்டு உழைப்புக்குப் பின் நிலைமை அது. நம் பொருளாளரைப் போன்ற ஒருவர் அவ்வாண்டில் கணக்கு வாசித்திருப்பாரானால், இயக்கத்தை மூடிவிட்டு அறையை வாடகைக்கு விட்டிருப்பார்கள்! 2010-இல் 42 ஆகக் குறைந்தது. 2011-இல் ஒன்றே ஒன்று. ஜனவரி 13 அன்று, நமக்கு அருகிலுள்ள ஹௌரா மாவட்டத்தில், ஒரு பெண் குழந்தைக்கு. இயற்கைக் கிருமியால் வரும் இளம்பிள்ளை வாதம் அதன்பின் இந்நாட்டில் தோன்றவில்லை. 2014 மார்ச் 27 அன்று உலகச் சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியப் பகுதி முழுமைக்கும் சான்று வழங்கியது.

இதில் நம் மனத்தை ஈர்த்தது எண்கள் அல்ல, கதவுகளில் எழுதிய குறிகள். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்றுவிட்ட வீட்டின் கதவில் ஊழியர்கள் ஆங்கில எழுத்தாகிய 'பி'யை எழுதினர்; ஒரு குழந்தையேனும் விடுபட்டிருந்தால் பெருக்கல் குறி இட்டனர். பெருக்கல் குறியிட்ட வீட்டுக்கு மீண்டும் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு வீட்டில் குழந்தை ஊருக்குப் போயிருக்கும். ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். மற்றொன்றில், மருந்து மலட்டுத்தன்மை தரும் என்ற வதந்தியை நம்பிக் கதவைச் சாத்தியிருப்பர். சாக்கடையைச் சீர்செய்துவிட்டு மருந்தோடு வாருங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. சுவரொட்டி இவற்றுள் எதற்கும் விடை சொல்லாது.

2010-இல் ஏற்பட்ட பெரும் வீழ்ச்சிக்கு அவ்வாண்டு ஜனவரியில் புகுத்தப்பட்ட புதிய இருவகைச் சொட்டு மருந்தும் ஒரு முக்கிய காரணம் என்பதை மறைக்கலாகாது. சரக்கு சரியில்லாமல் பறை மட்டும் அடித்துப் பயனில்லை. நாம் நடைமேடையில் நின்று அருந்தும் தேநீருக்கும் இதுவே கதை. 1903-இல் ஏற்றுமதித் தேயிலைமீது வரி விதித்து அப்பணத்தைப் பிரசாரத்துக்கு ஒதுக்கினர். தேநீர் போடும் முறையைப் படத்துடன் விளக்கும் எனாமல் பலகைகள் பின்னாளில் ரயில் நிலையங்களில் தொங்கின. காந்தியடிகளும் பிரபுல்ல சந்திர ராயும் தேநீரைக் கண்டித்து எழுதினர். ஏழை வீட்டு அடுப்புவரை அது சென்றதோ, சுதந்திரத்துக்குப் பின், மலிவான சி.டி.சி. தூள் பெருகிய பிறகுதான். பலகை மாட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடிருந்தனரோ!

நம் வகுப்பின் சரக்கு எப்படி? சித்திரை, வைகாசி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிள்ளைகளை வரச் சொன்னோம். பெரிய பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் டியூஷன். எந்த நோட்டீசாலும் இது தீராது. நேரத்தை மாலை ஐந்துக்கு மாற்றினால் தீரலாம். இதற்கு ஒரு பைசாச் செலவில்லை.

எனவே பொதுக்குழுவில் நாம் கேட்கப்போவது மூன்று ஆண்டு அவகாசம். முதல் மாதங்களில் தலை எண்ணாதீர்கள். இன்னும் தட்டாத கதவு எத்தனை, இரண்டாம் முறை தட்டிய கதவு எத்தனை என்று கேளுங்கள். ஓராண்டு முடிவில், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நின்றுவிடாமல் வருகின்றனர் என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் இருபது பேர் தபால் அட்டையைத் தாமே படிப்பார்களானால் நமக்குப் போதும். நாற்பது என்று இனி எழுத மாட்டோம்.

கணக்கில் ஏறாத ஒன்றையும் குறித்துவைக்கிறோம். சென்ற வாரம் பார்சல் அலுவலகச் சாளரத்தில் முன்பின் அறியாத ஒருவர், "வகுப்பு இன்னும் நடக்குதா, சார்?" என்று தமிழில் விசாரித்தார். அவர் நோட்டீசைக் கண்டவரல்லர். காய்கறிச் சந்தையில் யாரோ ஒருவர் அவர் மனைவியிடம் சொன்னாராம். இந்த விசாரணையைப் பொருளாளர் எந்தத் தலைப்பில் வரவு வைப்பார்?

இதற்கிடையில் நாமும் நண்பர் ஒருவரும் காலனியில் உள்ள தமிழர் வீடுகளின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டோம். முப்பத்தொரு கதவு தட்டியாயிற்று. பதினெட்டில் பெருக்கல் குறி. (கதவில் அன்று, நம் நோட்டுப் புத்தகத்தில்தான்.) கடைசி வரிசையில் ஒரு வீட்டு அம்மாள் நமக்குத் தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, "வங்காளம், இந்தி, இங்கிலீஷ் மூணும் படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குத் தம்பி?" என்று கேட்டார். அப்போது நாம் சொன்ன விடை நமக்கே திருப்தி தரவில்லை. வரும் ஞாயிறு மாலை அதே வீட்டுக்கு மீண்டும் செல்கிறோம்.