அலைகரையில் நிற்கும் நீவாரம்

மாரி ஓய்ந்து குளங்கள் நிறைந்து கிடந்த ஒரு தை மாதத்திலே, மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்கு அப்பால் சிறு குளமொன்றின் அலைகரையில் முழங்காலளவு நீரில் இறங்கி, அங்கே தானாக முளைத்து நின்ற காட்டு நெல்லின் கதிரொன்றை மெல்லப் பற்றினேன்; பற்றிய மாத்திரத்தில், கறுத்த உமியும் நீண்ட செந்நிற வாலும் கொண்ட மணிகள் பொலபொலவென்று நீருக்குள் உதிர்ந்துபோக, உள்ளங்கையில் எஞ்சியவை ஐந்தோ ஆறோதான். "இது ஆருக்கும் உதவாது தம்பி, மாடுதான் தின்னும்" என்றார் கூட வந்த முதிய கமக்காரர்.

வடமொழி நூல்கள் முனிவர்களின் உணவாகக் கூறும் நீவாரம் இதுவே. தாவர சாஸ்திரிகளும் அப்பெயரைத் தழுவி இதனை 'ஒரைசா நிவாரா' என்றே அழைக்கின்றனர். 1970களின் தொடக்கத்தில், கபிலத் தத்திப் பூச்சி பரப்பும், பயிரைப் புல்போலக் குறுகச் செய்யும் வைரசு நோயொன்று ஆசிய வயல்களை வாட்டியபோது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துச் சலித்தபின், அந்நோயை எதிர்த்து நின்றது உத்தரப் பிரதேசத்திலே சேகரிக்கப்பட்ட ஒரு பிடி நீவாரமே என்று கண்டனர். உதிரும் சுபாவம் முதலான காட்டுக் குணங்களை நீக்கும்பொருட்டு மீண்டும் மீண்டும் பயிர்நெல்லோடு கலந்து, எதிர்ப்புச் சக்தியை மாத்திரம் நிலைநிறுத்திய குர்தேவ் குஷ் முதலிய விஞ்ஞானிகளின் முயற்சியால் 1976இல் வெளிவந்த ஐ.ஆர். 36, பின்னர் 1 கோடி ஹெக்டேயருக்கு மேல் பயிராயிற்று. உதவாத புல்லென்று இனி எதனைச் சொல்வது?

இலங்கையில் காட்டு நெல் இனங்கள் ஐந்து உண்டு. அவற்றுள் ஒன்று, நிலத்தடித் தண்டினால் வறட்சியைக் கடந்து மீண்டும் துளிர்ப்பது. 1990இல் 'ஒரைசா ரைசோமாட்டிஸ்' என்று பெயர் பெற்ற அவ்வினம் இத்தீவின் உலர்வலயத்தையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. மழை பொய்த்தால் வறட்சியும், கடலோர வயல்களில் உவருமாக அல்லற்படும் மன்னார்க் கமக்காரரைவிட இச்செல்வத்தின் மீது உரிமையும் அக்கறையும் கொள்ளவேண்டியவர் யார்?

கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையம் விதைகளைக் குளிரறையில் பேணுகிறது. அது பெரும் பணியே. ஆயினும் குளிரறை விதை சேகரித்த நாளில் இருந்தபடியே உறங்க, அலைகரையில் நிற்கும் செடியோ ஆண்டுதோறும் புதிய வெயிலையும் புதிய பூச்சியையும் எதிர்கொண்டு, அவற்றுக்கேற்பத் தன் சந்ததியை மாற்றிக்கொண்டே வருகிறது. இந்த மாற்றத்தை எந்தப் பெட்டகத்திலும் வைத்துப் பூட்ட முடியாது. குளப் புனரமைப்பு என்ற பெயரில் வரும் மண்வெட்டும் இயந்திரமோ, அலைகரையைச் சுரண்டி அதன் விதைமண்ணை ஒரே பகலில் குளக்கட்டின் மேல் கொட்டிவிடுகிறது.

குளங்கள் திருத்தப்படத்தான் வேண்டும். அடுத்த புனரமைப்புக்குத் திட்டம் வரையும் கமக்கார அமைப்புகளும் கமநல சேவை உத்தியோகத்தர்களும், ஒவ்வொரு குளத்திலும் காட்டு நெல் நிற்கும் அலைகரைத் துண்டொன்றை முதலில் அளந்து, குற்றி நாட்டி, இயந்திரம் தொடாமல் விட்டுவைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.