கேலிக்கு முன் ஒரு புத்தகம்!

குட்டீஸ்! வகுப்பில் யாரையாவது, 'கருப்பு' என்று கேலி செய்கிறீர்களா? முதலில் எழுத்தாளர் சுஜாதாவைப் (1935-2008) படியுங்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்; திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று அறிவியலும் எழுதினார். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' என்று ஊர்க் கதையும் எழுதினார். இரண்டுமே வேண்டும் என்பது என் கட்சி.

நிறத்துக்குக் காரணம், மெலனின் என்ற நிறமி. சுள்ளென்று அடிக்கும் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காப்பதே அதுதான். (திருச்சி வெயிலுக்கு வேண்டாமா, பின்னே?) எந்த இருவரை எடுத்தாலும் மரபணு, 99 சதவீதத்துக்கும் மேல் ஒன்றுதான். இதெல்லாம் அறிவியல் சொல்லும்.

ஆனால், கேலிக்கு ஆளான பையன் மறுநாள் ஏன் கடைசி பெஞ்சுக்குப் போனான்? அது கதை படிக்கிறவருக்குச் சட்டென்று புரியும். இந்த லீவுக்கு, நூலகத்தில் இரண்டு வகைப் புத்தகமும் கேட்டு வாங்குங்கள்.