சாக்கடையில் விளையும் மீன்

கொல்கத்தா வெளியேற்றும் சாக்கடை நீர், மீனாகவும் காய்கறியாகவும் அதே நகரத்தின் சந்தைக்குத் திரும்பிவிடுகிறது. நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேரில் பரந்திருக்கும் சதுப்பு நிலம் செய்யும் ஜாலம் இது. 'பேரி' எனப்படும் ஆழமில்லாத குளங்களில் கழிவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. வெளிப்படும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகளைக் கொண்டு வெயிலில் பாசி வளர்கிறது. அதை மீன்கள் தின்கின்றன. சத்து சுற்றிச்சுற்றி வருகிறது. சக்தி அப்படியல்ல, சூரியன் அன்றாடம் அளந்தாக வேண்டும்.

இந்தச் சூட்சுமத்தை உலகறியச் செய்தவர் 2018ல் மறைந்த பொறியாளர் துருபஜோதி கோஷ். 1992ல் உயர் நீதிமன்றம் பாதுகாப்பு அளித்தது. 2002ல் ராம்சர் அந்தஸ்தும் கிடைத்தது. ஆனாலும் கட்டடங்கள் நெருங்குகின்றன. குளங்கள் தூர்ந்தால் மீன் மட்டும் போகாது. இதுவரை வெயில் செய்துவந்த சுத்திகரிப்புக்கு நகரம் பணம் கட்ட வேண்டிவரும்.