சல்லடையும் தேர்வும்

ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். மலைச்சரிவுகளில் பறித்து உலர்த்திய ஏலக்காய் இவ்வூர்க் கிடங்குகளுக்கு வந்து சேர்கிறது. அங்கே பெண்கள் வரிசையாக அமர்ந்து, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் நீக்குவர். பின்னர்க் காய்கள் சல்லடையில் ஏறும். 8 மில்லிமீட்டர்க் கண்ணில் விழாது நிற்பவை உயர்ந்த விலை பெறும். எவர் தோட்டத்துக் காய், எவர் பறித்த காய் என்று சல்லடை கேட்பதில்லை.

தேர்வும் அத்தகைய சல்லடையே என்பர் பலர். பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயர் இல்லை. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதைத் திருத்துவோர் அறியார். தமிழகத்தில் 2024ஆம் ஆண்டு மேல்நிலைத் தேர்வில் மாணவியருள் 96.44 விழுக்காட்டினரும், மாணவருள் 92.37 விழுக்காட்டினரும் தேறினர். விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டம் செல்லும் தாய்க்கு ஈடாக வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் சிறுமியரும் அத்தேர்வை எழுதுகின்றனர். மாணவர் பின்தங்குவது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது.

மறைப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும்? ஜப்பானில் தோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைப் பல ஆண்டுகள் குறைத்து வந்தது 2018இல் வெளிப்பட்டது.

ஆயினும், பெயரை மறைத்ததனால் மட்டும் நேர்மை நிறைவுறுமோ? சல்லடையின் கண் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதையும் வினவ வேண்டும் அன்றோ? நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் நுழைவுத் தேர்வுகளில், பிழையான விடைக்கு மதிப்பெண் கழிப்பது வழக்கம். அவ்விதி உள்ள இடத்தில், ஐயமுற்ற வினாவை விட்டுவிடுவோர் ஆண்களினும் பெண்களே மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. சிலி நாடு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவ்விதியை நீக்கியது. விட்டுவிட்ட வினாக்களில் இருபாலாரிடையே இருந்த வேறுபாடு 70 விழுக்காடு குறைந்தது. மதிப்பெண் இடைவெளியும் சுருங்கியது. பெண்களின் கல்வி ஓராண்டில் வளர்ந்துவிடவில்லை, விதியே மாறியது.

கழித்தல் இல்லையேல் கண்மூடிக் குறிப்போர் பெருகுவர் என்பது மறுப்போர் கூற்று. அதில் உண்மை உண்டு. எனினும் அவ்வாய்ப்பு அனைவர்க்கும் பொது. இயற்பியல் அறிவை அளக்க வந்த தேர்வு, துணிவையும் சேர்த்து அளப்பது முறையன்று.

இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் பெண்கள் மிகக் குறைவாக இருந்தமையால், 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உண்டாக்கப்பட்டன. அதனைச் சலுகை என்று குறைகூறுவோர் உளர். அக்கழகங்களின் நுழைவுத் தேர்விலோ, கழித்தல் விதி இன்றும் அப்படியே நிற்கிறது.